யாருடைய பூனை

இந்த ஒழுங்கைக்கு நான் குடிவந்த நாள்தொட்டு
என் செருப்பின் மேல்தான் அதற்கு நித்திரை.
வெள்ளை வயிறு. புழுதி நிற முதுகு.
வால் நுனியில் ஒரு முறிவு,
எந்தக் கதவிலோ நசிந்திருக்க வேண்டும்.
அப்படியும் கதவுகளில் அதற்கு
நம்பிக்கை போகவில்லை.

வேலையால் வந்து திறப்பைத் தேடும்போது
கணுக்காலைச் சுற்றி ஓர் எட்டுப் போடும்.
"மேலே ஏத்தாதேயும் பிள்ளை" என்பார்
வீட்டுக்காரர் தெய்வேந்திரம்.
"ஒப்பந்தத்தில இருக்கு."
இருக்குத்தான். ஒன்பதாம் பிரிவு:
சுவரில் ஆணி, வீட்டில் பிராணி, இரண்டும் கூடாது.

போன கிழமை
காலி வீதியிலிருந்து திரும்பிய ஓட்டோ ஒன்று
மயிரிழையில் அதைத் தவறவிட்டது.
முதலாம் மாடிக்காரர்
கார்க் கண்ணாடியில் நான்கு கால் அடையாளத்தைக் காட்டி
மாநகரசபை என்றார்.
அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.
வைத்துக்கொள்வதா,
யாரிடமாவது கொடுப்பதா,
செருப்பை உள்ளே எடுத்துவைத்துவிட்டு
ஒன்றும் தெரியாதவள்போல் இருப்பதா.

நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள்.
எனக்குத் தெரிந்தது துண்டு எழுதுவது:
சாப்பாட்டுக்கு முன், பின், இரவில் ஒன்று.
மருந்து உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்,
இந்தப் பூனை உங்களுடையதா?
தமிழில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி, கீழே என் இலக்கம்.
காசாளர் துஷாரி சிரித்துச் சிரித்துத் திருத்தினாள்.
நான் எழுதியிருந்தது
இந்தப் பூனை நீங்களா?

இழுத்தால் அறும்படி
பன்டேஜ் துணியால் கழுத்தில் கட்டிவிட்டேன்.

முதல் அழைப்பு மூலைக்கடை ஸரூக் நானா.
"எங்கட இல்ல மகள். ஆனா விடிய சூரைத் தலை
நாங்கதான் குடுக்கிற. பேர் சுல்தானா."

பதினெட்டாம் இலக்கத்துக் குசும் அம்மையார்
ஓய்வுபெற்ற தபால் அதிபர்.
சூட்டி தன்னுடையதல்ல என்றா.
மத்தியானம் மட்டும் தன் கட்டிலில் படுக்குமாம்.

மூன்றாவது, வெறும் மூச்சு.
பிறகு ஒரு சின்னப் பையனின் குரல்:
"அதைக் கொண்டுபோகப் போறீங்களா?"
பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை
உடுப்புக் கூடையில் போட்டு, மேலே துவாய் கட்டி,
தெஹிவளை மிருக வைத்தியரிடம் போனேன்.
வழி முழுக்க அது கத்திய கத்தலில்
ஓட்டோக்காரர் வானொலியை நிற்பாட்டிவிட்டார்.

"இடது காதைப் பாருங்கோ" என்றார் வைத்தியர்.
"நுனி நேராக வெட்டியிருக்கு.
குட்டி போடாமல் ஆரோ முந்தியே செய்துவிட்டிருக்கினம்."
நான் அதைச் சண்டையில் போன காது என்று நினைத்திருந்தேன்.

ஆரோ.
இதே கத்தலைச் சுமந்து,
காசு கட்டி,
காயம் காயும்வரை ஓர் அறையில் வைத்திருந்து,
பிறகு கதவைத் திறந்துவிட்ட ஆரோ.

ஊசி போடப் படிவம் நீட்டினார்கள்.
உரிமையாளர் பெயர்.
இந்த நகரத்தில் முன்பும் ஒரு படிவத்தின் முன்
நின்றிருக்கிறேன், பத்தொன்பது வயதில்.
யாருடன் நிற்கிறீர், எத்தனை நாளைக்கு,
யார் பொறுப்பு.
பக்கத்து அறை மாமி ஒருவர், சொந்தமில்லை,
என் பெயரைக்கூட இரண்டுதரம் கேட்டவர்,
பேனையை வாங்கித் தன் பெயரை எழுதினார்.
அவர் பெயர் இப்போது எனக்கு நினைவில்லை.

கட்டத்துக்குள் என் பெயரை எழுதினேன்.
இலக்கம் என்ற இடத்தில்
வீட்டு இலக்கத்தை விட்டுவிட்டு
ஒழுங்கையின் பெயரை மட்டும்.

திரும்பிவந்து கூடையைத் திறந்ததும்
என்னைப் பார்க்காமலே
ஸரூக் நானாவின் கடைக்குப் போனது.
கொஞ்சம் சுட்டது.

மாலையில் புதுத் துண்டு கட்டினேன்:
விசர் ஊசி போட்டாயிற்று.
அடுத்தது வருகிற புரட்டாதியில்.
தயவுசெய்து பால் வேண்டாம், வயிற்றால் போகிறது.

மறுநாள் செருப்பில் மயிர் இருந்தது.
துண்டின் அடியில் பென்சிலால்
சிங்களத்தில் ஒரு சொல்: ஹரி.
பையனின் எழுத்தாக இருக்காது, நல்ல வளைவான எழுத்து.
குசும் அம்மையாரிடம் காட்டினேன்.
கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு
தன்னுடையதல்ல என்றா.